பார்க்கக் கற்பித்த பேராசான் நந்தலால் போஸ்

எமது பழைய மாணவியர் சங்கம் நூற்றாண்டு காணும் இவ்வேளையில், கல்லூரி அன்னையைக் கட்டி வளர்த்த அதிபர்களையும் ஆசிரியைகளையும் பற்றி இம்மலரிலே பலரும் எழுதுவர். நாம் எழுத எடுத்துக்கொண்டவரோ எமது கல்லூரி வாசலை மிதித்தவரல்லர். எமது மொழி பேசியவருமல்லர். ஆயினும் எமது சங்கம் தோன்றிய அதே பத்தாண்டில், வங்காளத்தின் செம்மண் பூமியொன்றில் ஓவியப் பள்ளியைப் பொறுப்பேற்று, ஒரு பாடசாலையிலே சித்திரத்துக்கு என்ன இடம் என்ற கேள்விக்குத் தம் வாழ்நாளையே விடையாக்கியவர் அவர். நந்தலால் போஸ் என்ற அப்பெருமகனின் வாழ்வை இன்றைய மாணவியரும் அவர்தம் பெற்றோரும் அறிந்துகொள்வது நன்று என எண்ணுகின்றோம். அக்கேள்வி எமது பாடசாலைகளில் இன்னமும் விடை காணாமலே நிற்பதுதான் அதற்குக் காரணம்.

இளமையும் கல்வியும்

நந்தலால் 1882ஆம் ஆண்டு டிசெம்பர் 3ஆம் நாள், பீகாரின் முங்கேர் மாவட்டத்திலுள்ள கரக்பூரிலே வங்காளிக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் பூர்ணசந்திர போஸ் தர்பங்கா சமஸ்தானத்தில் உத்தியோகம் பார்த்தவர். தாயார் க்ஷேத்திரமணி தேவி பொம்மை செய்வதிலும் கைவேலையிலும் வல்லவர். அந்தத் தாயின் கைகளே நந்தலாலின் முதற் பள்ளிக்கூடம். ஊர்க் குயவரும் பொம்மை செய்வோரும் களிமண்ணைப் பிசைந்து உருவம் எழுப்புவதைப் பார்த்துக்கொண்டு நின்ற சிறுவன், வீடு வந்து தானும் செய்து பார்ப்பான். பூசைக் காலங்களில் பந்தல் அலங்காரமும் செய்வான். தாயாரைச் சிறு வயதிலேயே இழந்தபோதும் அவர் ஊட்டிய கைவேலை நாட்டம் அவரை விட்டு அகலவில்லை.

பதின்ம வயதிலே உயர் கல்விக்காகக் கல்கத்தா அனுப்பப்பட்டார். பள்ளி இறுதித் தேர்வில் ஒருவாறு தேறினாலும் கல்லூரித் தேர்வுகளிலே தேறவில்லை. மீண்டும் எழுதியும் பயனில்லை. பாடப்புத்தகம் வாங்கக் கொடுத்த பணம் ஓவியப் பிரதிகளாகவும் படங்கள் வந்த சஞ்சிகைகளாகவும் மாறியது. இதற்கிடையே 1903இல் சுதீரா தேவியைக் கைப்பிடித்துக் குடும்பஸ்தருமானார். உறவினர் வர்த்தகக் கல்வியில் சேர்த்துப் பார்த்தனர், அதுவும் கைகொடுக்கவில்லை. தேர்வுப் பெறுபேற்றைக் கொண்டே பிள்ளையின் பெறுமதியை அளக்கும் எமது சமூகத்திலே அவர் பிறந்திருந்தால், உருப்படாத பிள்ளை என்ற பெயரே அவருக்குக் கிடைத்திருக்கும்.

1905ஆம் ஆண்டளவில் நந்தலால் தாம் வரைந்த படங்களை எடுத்துக்கொண்டு கல்கத்தா அரசினர் ஓவியக் கல்லூரிக்குச் சென்றார். அங்கே அதிபராயிருந்தவர் ஈ. பி. ஹாவெல் என்ற ஆங்கிலேயர். ஐரோப்பியச் சிலைகளைப் பார்த்து வரைவதே ஓவியக் கல்வி என்றிருந்த நாளில், இந்தியப் பிள்ளைகளுக்கு இந்தியக் கலையைக் காட்டவேண்டும் என்று வாதாடியவர் அவர். அவரோடு இணைந்து கற்பித்தவர் இரவீந்திரநாத் தாகூரின் பெறாமகன் முறையான அவனீந்திரநாத் தாகூர். இருவரும் பிள்ளையின் கைவண்ணத்தைக் கண்டு சேர்த்துக்கொண்டனர். அவனீந்திரநாத்தே நந்தலாலின் குருவானார். சில ஆண்டுகளுள் சிவனையும் சதியையும் வரைந்த ஓவியத்துக்கு 500 ரூபா பரிசு கிடைத்தது. அப்பணத்தை நந்தலால் கோயில்களையும் பழம்பெரும் சிற்பங்களையும் பார்க்கும் யாத்திரைக்கே செலவிட்டார்.

அஜந்தாவும் ஆனந்த குமாரசுவாமியும்

நந்தலாலின் வாழ்விலே திருப்பத்தை உண்டாக்கியவர்களுள் முக்கியமானவர் சகோதரி நிவேதிதை. அயர்லாந்திலே பிறந்து விவேகானந்தரின் சீடராகிக் கல்கத்தாவில் பெண்களுக்கென்று பாடசாலை நடத்திய இந்த அம்மையார், இளம் ஓவியர்களைத் தம் பிள்ளைகளாகவே பாவித்தார். 1909ஆம் ஆண்டு இறுதியில் லேடி ஹெரிங்காம் என்ற ஆங்கில ஓவியர் அஜந்தாக் குகை ஓவியங்களைப் பிரதி செய்ய வந்தபோது, நந்தலாலையும் உடன் அனுப்பியதில் நிவேதிதைக்குப் பெரும் பங்குண்டு. வெளிச்சம் குறைந்த குகைகளிலே, உதிர்ந்துகொண்டிருந்த சுவர்களின் முன்னே நின்று, பழைய ஓவியர்களின் ஒவ்வொரு கோட்டையும் அவர் பின்தொடர்ந்தார். இயற்கையையும் வாழ்க்கையையும் ஒரே கோட்டோட்டத்தில் காணும் பயிற்சி அங்குதான் கிட்டியது. பின்னர் 1921இல் குவாலியர் சமஸ்தானத்திலுள்ள பாக் குகைகளின் ஓவியங்களையும் அவர் பிரதி செய்தார்.

அக்காலத்திலே நந்தலால் நெருங்கிப் பழகிய இன்னொருவர் எமது மண்ணுக்கு உரியவர். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தரான கலாயோகி ஆனந்த குமாரசுவாமியே அவர். 1908இல் இலங்கையின் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை வெளியிட்ட அவர், அதன்பின் கல்கத்தாவில் தாகூர் குடும்பத்தாரோடு நெருங்கிய உறவு பூண்டிருந்தார். நிவேதிதை தொடங்கி அவரது மறைவின் பின் குமாரசுவாமி நிறைவு செய்த இந்து, பௌத்த புராணக் கதைகளின் தொகுப்பு 1913இல் வெளிவந்தபோது, அதற்கு ஓவியம் தீட்டியவர்களுள் நந்தலாலும் ஒருவர். ஆங்கில மோகத்திலே அழிந்துகொண்டிருந்த கைவினைகளைப் பற்றி குமாரசுவாமி நூல்களில் எழுதிய கவலையை, பின்னாளில் வகுப்பறையிலே செயலாக்கிக் காட்டியவர் நந்தலால் என்று சொல்வது மிகையாகாது.

கலா பவனம்

கவி தாகூர் சாந்திநிகேதனிலே 1919இல் கலா பவனத்தைத் தொடங்கியபோது நந்தலாலை அழைத்தார். கல்கத்தாவில் தம்மருகே வைத்திருக்க விரும்பிய குரு அவனீந்திரநாத்துக்கு அவரை விட மனமில்லை. குருவுக்கும் கவிக்கும் இடையே சில காலம் அலைந்த பின்னரே நந்தலால் சாந்திநிகேதனில் நிலைகொண்டார். 1922இல் கலா பவனத்தின் தலைமையை ஏற்று 1951இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். மாணவர் அவரை மாஸ்டர் மொஷாய் என்றழைத்தனர். எமது வழக்கிலே ஐயா என்பதற்குள்ள அன்பும் மரியாதையும் அச்சொல்லுக்குண்டு.

அவர் கற்பித்த முறை அந்நாளில் புதுமையானது. இறுக்கமான பாடவிதானம் கிடையாது. தேர்வுக்கென்று வரைவதும் கிடையாது. ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்திலிருந்து வேலை செய்தனர். வளர்ந்த ஓவியர் தடுமாறுவதையும், அழித்து மீண்டும் வரைவதையும் மாணவர் நேரிலே கண்டனர். மாணவரை அவர் வெளியே அழைத்துச் சென்றார். பனைமரம், ஆட்டுக்குட்டி, சந்தால் கிராமத்துக் குடிசை, வயலிற் குனிந்து நிற்கும் பெண் ஆகியவையே பாடங்கள். ஒரு மரத்தை வரையுமுன் அது எவ்வாறு நிலத்தைப் பற்றி எழுகின்றது, எப்பக்கம் சாய்கின்றது, காற்றுக்கு எவ்வாறு அசைகின்றது என்று பார்த்திருக்கச் செய்தார். பார்த்ததை மனத்தில் இருத்திப் பின்னர் வரையச் சொன்னார். அவரிடம் எந்நேரமும் சிறு அட்டைகள் இருக்கும். போகும் வழியிற் கண்டதை அவற்றில் வரைந்து, விடுமுறையில் வீடு சென்ற மாணவருக்கு அஞ்சலட்டையாக அனுப்புவார். கடிதமும் அதுவே, பாடமும் அதுவே.

நோயாளியின் முகத்தையும் நடையையும் மூச்சையும் முதலிற் பார், அதன் பின்னரே தொடு என்பதுதான் மருத்துவக் கல்வியிலும் முதற் பாடம். வைத்தியத் தொழிலிலே இருபது வருடங்களாக நிற்கும் எமக்கு, நந்தலாலின் வகுப்பு அந்நியமாகத் தோன்றவில்லை. அவசரமின்றிப் பார்க்கும் கண் புத்தகத்தால் வருவதன்று. அது சிறு வயதிலே பழகவேண்டியது.

நந்தலாலின் மாணவர் எவரும் அவரைப்போலவே வரைந்தவர்களல்லர் என்பது அவரது பெருமைகளுள் ஒன்று. பினோத் பிஹாரி முகர்ஜி பிறவியிலேயே பார்வைக் குறைபாடுள்ளவர். ஒரு கண் தெரியாது. மற்றக் கண்ணிலும் கடுமையான கிட்டப்பார்வை. இத்தகைய பிள்ளை ஓவியனாவது எங்ஙனம் என்று நந்தலால் தயங்கினார். ஆர்வத்தோடு வந்து இருந்து வேலை செய்கிறானா என்பதைப் பாருங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்ற கருத்திலே தாகூர் ஆலோசனை கூறினார். அதனை ஏற்று நந்தலால் இடமளித்தார். அப்பிள்ளை பின்னர் சாந்திநிகேதனின் ஹிந்தி பவனத்திலே இடைக்காலப் பக்தர்களின் வாழ்வைப் பெருஞ் சுவரோவியமாகத் தீட்டினார். 1956இல் பார்வை முற்றாகப் போன பின்னரும் காகிதம் வெட்டியும் ஓடுகள் பதித்தும் படைத்துக்கொண்டேயிருந்தார். ராம்கிங்கர் பைஜ் பாங்குராவிலிருந்து வந்த ஏழைக் குடும்பத்துப் பிள்ளை. சீமெந்தையும் பருக்கைக் கல்லையும் கொண்டு அவர் 1938இல் உருவாக்கிய சந்தால் குடும்பம் என்ற சிற்பம் நவீன இந்தியச் சிற்பக்கலையின் தொடக்கமாக மதிக்கப்படுகின்றது. திரைப்பட மேதை சத்யஜித் ராயும் இளமையில் இங்கு பயின்றவரே. குறைபாட்டையோ வறுமையையோ வாசலில் நிறுத்தி அளக்காத ஆசான் ஒருவர் இருந்தமையாலன்றோ இவர்கள் உலகுக்குக் கிடைத்தனர்!

பெண்களும் அழகியலும்

மகளிர் கல்லூரியின் மலரிலே நந்தலாலைப் பற்றி எழுத எமக்குத் தனியானதொரு காரணமும் உண்டு. நற்குடிப் பெண்கள் ஓவியம் கற்பதும் மேடையேறுவதும் பழிக்கப்பட்ட காலத்தில், கலா பவனத்திலே பெண்களும் ஆண்களும் சேர்ந்து கற்றனர். வங்காளப் பெண்கள் விரத நாள்களில் அரிசிமாக் கரைசலால் தரையிலிடும் அல்பனா, எமது கோலத்தின் உடன்பிறப்பு எனலாம். வீட்டு முற்றத்தில் அழிந்துபோகும் அக்கலையை நந்தலால் கலா பவனத்தின் பாடமாக்கினார். அதனைக் கற்பிக்கப் பட்டம் பெற்றவர்களை அவர் தேடவில்லை. இளமையிலே கணவனை இழந்தவரும் அல்பனாவில் வல்லவருமான சுகுமாரி தேவி அங்கு ஆசிரியையானார். சமூகம் மூலையில் அமர்த்திவைத்த ஒரு பெண்ணின் விரல்களில் இருந்த அறிவை, கல்லூரியொன்று தலைவணங்கி ஏற்றுக்கொண்டது. மரநடுகை விழா, ஏர்விழா முதலான சாந்திநிகேதன் விழாக்களெல்லாம் அந்த அல்பனாவாலேயே அழகு பெற்றன.

1926இல் தாகூர் எழுதிய நடீர் பூஜா என்ற நாடகம் அரங்கேறியது. புத்தரின் தூபியை அவமதிப்பதற்காக அதன் முன்னே ஆடுமாறு ஆணையிடப்பட்ட அரண்மனை ஆடல் மகள், ஆடியவாறே ஆபரணங்களைக் களைந்து, துறவாடையோடு நின்று உயிர் துறக்கும் கதை அது. அந்த ஆடல் மகளாக ஆடியவர் நந்தலாலின் மூத்த மகள் கௌரி. அடுத்த வருடம் அந்நாடகம் கல்கத்தாவிலும் மேடையேறியது. மணமாக வேண்டிய மகளை ஊரார் முன் ஆடவிடும் துணிவு அந்நாளில் எத்தனை தந்தையருக்கு இருந்திருக்கும்? நந்தலால் மகளைத் தடுக்கவில்லை. அதுமட்டுமன்றி, பல ஆண்டுகளின் பின், 1942இல், சாந்திநிகேதனின் சீன பவனச் சுவரிலே அதே நாடகத்தைப் பெரும் ஓவியமாகத் தீட்டி நிலைபெறச் செய்தார். கௌரி பின்னர் கலா பவனத்தின் ஆசிரியையாகி, அல்பனாவையும் பத்திக் கலையையும் தலைமுறைகளுக்குக் கற்பித்தார்.

மக்கள் மத்தியில் ஓவியம்

1930இல் காந்தியடிகள் உப்பு யாத்திரை சென்றபோது, கைத்தடியூன்றி நடக்கும் அவரது உருவத்தை நந்தலால் கறுப்பு வெள்ளை அச்சுப்படமாகச் செதுக்கினார். எத்தனையோ நூல்களிலும் சுவர்களிலும் நாம் காணும் உருவம் அது. அதே ஆண்டில் தாகூர் எழுதிய சஹஜ் பாட் என்ற வங்காள அரிச்சுவடிக்கும் அவரே படம் வரைந்தார். நாட்டுத் தலைவரின் உருவத்தையும் பாலர் வகுப்புப் புத்தகத்தையும் ஒரே சிரத்தையோடு அவர் கருதினார் என்பதை ஆசிரியர்கள் கவனித்தல் வேண்டும்.

1938இல் குஜராத்தின் ஹரிபுராவில் காங்கிரஸ் மகாநாடு நடைபெற்றது. அதன் பந்தலை அலங்கரிக்கும் பொறுப்பைக் காந்தியடிகள் நந்தலாலிடம் ஒப்படைத்தார். மூங்கில், ஓலை முதலிய மலிவான பொருள்களே போதும் என்பது ஏற்பாடு. நந்தலாலும் மாணவரும் கைச்செய் கடதாசியிலே மண்ணிறங்களைக் கொண்டு ஏறத்தாழ 400 சித்திரங்களைத் தீட்டித் தொங்கவிட்டனர். அவற்றுள் எண்பதுக்கு மேற்பட்டவை நந்தலாலின் கையால் ஆனவை. தெய்வங்களோ தலைவர்களோ அவற்றில் முதன்மை பெறவில்லை. தையற்காரர், தச்சர், மத்தளம் கொட்டுபவர், நெல் குற்றும் பெண், பிள்ளைக்குப் பாலூட்டும் தாய் என உழைக்கும் மக்களே நிறைந்திருந்தனர். மகாநாட்டுக்கு வந்த கிராமத்தவர் ஓவியக்கூடத்தையே கண்டிராதவர்கள். அவர்கள் தம்மைத் தாமே அங்கு கண்டனர்.

சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பின் மூலப்பிரதி கையெழுத்திலே எழுதப்பட்டபோது, அதனை ஓவியங்களால் அலங்கரிக்கும் பணியும் நந்தலாலிடமே வந்தது. சிந்துவெளி முதல் விடுதலைப் போராட்டம் வரையான வரலாறு அதன் 22 பகுதிகளின் தலைப்பிலும் சித்திரமாக இடம்பெற்றது. அப்பணியையும் அவர் தனித்துச் செய்யவில்லை. மாணவரும், மகள்மாரான கௌரியும் ஜமுனாவும் உடனுழைத்தனர்.

இலங்கையும் நந்தலாலும்

1934ஆம் ஆண்டு தாகூர் தம் குழுவினரோடு இலங்கை வந்தபோது நந்தலாலும் உடன் வந்தார். கொழும்பிலே ஷாப்மோச்சன் நாட்டிய நாடகம் மேடையேறியது. சாந்திநிகேதன் ஓவியங்களின் கண்காட்சியும் இடம்பெற்றது. ஹொரணையில் ஸ்ரீபாலி கல்வி நிலையத்துக்குத் தாகூர் அடிக்கல் நாட்டினார். அப்பயணத்திலே கவி யாழ்ப்பாணத்துக்கும் வந்து சென்றார். பெண்கள் கண்ணியமாக மேடையில் ஆடலாம், பாடசாலையிலே ஓவியமும் நடனமும் கற்கலாம் என்ற எண்ணம் எமது நாட்டின் படித்த குடும்பங்களில் வேரூன்ற அந்த வருகை துணை செய்தது.

அதன்பின் இங்கிருந்து மாணவர் சாந்திநிகேதனை நாடினர். நாம் காலைக் கூட்டத்தில் பாடும் தேசிய கீதத்தை இயற்றி இசையமைத்த ஆனந்த சமரக்கோன் அங்கு சென்று நந்தலாலிடம் ஓவியம் பயின்றவர். சீன மொழி கற்க அங்கு சென்ற மஞ்சுஸ்ரீ ஓவியத்தின்பால் ஈர்க்கப்பட்டார். நந்தலால் அஜந்தாவிற் செய்ததைப்போல, அவர் இத்தீவின் விகாரைகள்தோறும் அலைந்து அழிந்துகொண்டிருந்த சுவரோவியங்களைப் பிரதி செய்து காப்பாற்றினார். 1943இல் தோன்றிய 43 குழுவின் உறுப்பினர்களுள் அவரும் ஒருவர்.

இறுதிக்காலமும் எமக்கு விட்டுச்சென்றதும்

1954இல் இந்திய அரசு நந்தலாலுக்குப் பத்மவிபூஷண் விருது வழங்கியது. 1966ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் கல்கத்தாவில் அவர் காலமானார். அவரது படைப்புகளுள் ஏறத்தாழ 7,000 டில்லியிலுள்ள தேசிய நவீன ஓவியக் கூடத்திலே பேணப்படுகின்றன.

கல்வியிலே கலையின் இடம் பற்றி அவர் எழுதிய கட்டுரையொன்றின் கருத்து எமது சிந்தனைக்குரியது. கலை பணக்காரரின் பொழுதுபோக்கு, ஏழை நாட்டுக்கு அது தேவையற்றது என்ற வாதத்தை அவர் மறுக்கின்றார். ஏழைச் சந்தால் குடும்பம் தன் மண் குடிசையைத் துப்புரவாக மெழுகி அழகாக வைத்திருக்கின்றது. மாடி விடுதியில் வாழும் படித்த மாணவனின் அறையோ அலங்கோலமாகக் கிடக்கின்றது. ஆகவே குறைவது பணமன்று, அழகுணர்வே என்பது அவர் முடிவு. அழகை உணராதவன் தனக்கு மட்டுமன்றித் தன் அயலுக்கும் தீங்கு செய்கின்றான் என்று அவர் கருதினார். பாடசாலைகளில் நல்ல ஓவியங்களை மாட்டுங்கள், பிள்ளைகளை அருங்காட்சியகங்களுக்கு அழைத்துச் செல்லுங்கள், பருவகால விழாக்களைக் கொண்டாடுங்கள், ஆண்டுதோறும் பிள்ளைகளின் கைவேலையைக் காட்சிக்கு வையுங்கள் என்பன அவர் முன்வைத்த யோசனைகள். இவற்றில் எதற்கும் பெரும் பணம் தேவையில்லை.

எமது தலைமுறை மாணவியர் இதன் உண்மையைத் தம் வாழ்விலேயே கண்டவர்கள். கடதாசிக்கும் தட்டுப்பாடு நிலவிய போர்க்காலத்திலே, பழைய விடைத்தாள்களின் பின்புறத்தில் நாம் படம் வரைந்தோம். போருக்குப் பின்னரும் ஆழிப்பேரலைக்குப் பின்னரும், வாய் திறந்து பேச மறுத்த சிறுவர்களிடம் தாளும் நிறப்பென்சிலும் கொடுத்தபோது, சொல்லால் வராதது கோடாக வந்ததை வைத்தியர்களும் உளவளத்துணையாளர்களும் கண்டுள்ளோம். ஆனால் இன்றோ பல பாடசாலைகளிலே பரீட்சை நெருங்கினால் முதலிற் பறிபோவது சித்திர பாடவேளைதான். விஞ்ஞானப் பிரிவுக்குச் செல்லும் பிள்ளைக்குச் சித்திரம் எதற்கு என்று கேட்கும் பெற்றோரும் உளர். நல்ல வைத்தியருக்கும் பொறியியலாளருக்கும் வேண்டிய கண்ணையும் கையையும் பொறுமையையும் அப்பாடவேளையே வளர்க்கின்றது என்பதே அவர்களுக்கு நாம் கூறும் விடை. வைத்தியராகாத, பொறியியலாளராகாத பிள்ளைக்கோ, தேர்வுத்தாள் மறுத்த மதிப்பைத் தன்னிடத்தே கண்டுகொள்ள அதுவே வழி. கல்லூரித் தேர்வுகளில் தேறாத நந்தலாலே அதற்குச் சான்று.

நூற்றாண்டையொட்டி எமது சங்கம் கல்லூரிக்குச் செய்யவிருக்கும் பணிகளுள், சித்திர அறையின் திருத்தமும், மாணவியர் ஓவியங்களின் வருடாந்தக் கண்காட்சியும் இடம்பெற வேண்டுமென அன்போடு வேண்டுகின்றோம். சுகுமாரி தேவியைப்போல, எமது ஊரிலும் கோலத்திலும் பன்னவேலையிலும் கைதேர்ந்த அம்மம்மாமார் இருக்கின்றனர். அவர்களை ஒருநாளாவது வகுப்பறைக்கு அழைத்து மாணவியர் முன் இருத்துவோம். பாடவேளை அட்டவணையில் சித்திரத்துக்குரிய நேரத்தை எவரும் தொடாது காப்போம். கல்லூரி அன்னை இன்னும் பல நூற்றாண்டு வாழ்க!